சார்ஜ் லைட் தானாக அணைந்துவிட்டது, ஆனால் சார்ஜ் ஏறவில்லை! அச்சரப்பாக்கத்திலிருந்து கொளத்தூர் வரை ஓட்டலாமா?

கொளத்தூர் கேரவன் | இரவு 9.10

வணக்கம். அவசரத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது 2008 மாடல் டெம்போ டிராவலர். ஒரு கம்பெனிக்கு ஸ்டாஃப் வேனாக ஓடியதை வாங்கி, உள்ளே இரண்டு பெஞ்சுக் கட்டில், ஒரு சின்ன சிங்க், 12 வோல்ட் ஃப்ரிட்ஜ், மேலே ஒரு சோலார் பேனல் என்று கேரவனாக மாற்றி வைத்திருக்கிறோம். பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல், சென்சார் கின்சார் எதுவும் கிடையாது. தஞ்சாவூர், திருச்சி என்று ஐந்து நாள் சுற்றிவிட்டுச் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறோம்.

விக்கிரவாண்டி டோல் தாண்டி இருட்டத் தொடங்கியதும் ஹெட்லைட் போட்டோம். அப்போதே டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு லைட் மங்கலாக மினுக்கியது. ஏதோ லூஸ் கனெக்‌ஷன் என்றார் வீட்டுக்காரர். திண்டிவனம் வருவதற்குள் அது தானாகவே அணைந்துவிட்டது. பார், சரியாகிவிட்டது என்று டீ கூடக் குடித்தோம். அங்கிருந்து கிளம்பி இருபது நிமிஷத்தில் ஏசி காற்று செத்துப்போனது, ஹாரன் தொண்டை கட்டின மாதிரி கத்தியது, ஹெட்லைட் மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி மஞ்சளாகிவிட்டது. அச்சரப்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெட்ரோல் பங்க்கில் ஓரம் கட்டியிருக்கிறோம்.

பங்க்கில் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். அவர் பானெட்டைத் திறந்து பார்த்ததோடு சரி, மீட்டர் வைக்கவில்லை. டைனமோ காலி, புதுசு 14,000 ஆகும், இப்போதே பணம் கொடுத்தால் காலையில் வாங்கி வந்து மாட்டுகிறேன், இப்படியே ஓட்டினால் நடுரோட்டில் நிற்பீர்கள் என்கிறார். வீட்டுக்காரர் வெளியில் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறார், நான் உள்ளே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ரிட்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய சின்ன மல்டிமீட்டர் ஒன்று வண்டியில் இருந்தது, நானே பேட்டரி முனையில் வைத்துப் பார்த்தேன். எஞ்சின் ஆஃபில் 12.2 வோல்ட். எஞ்சின் ஓடும்போது 12.1, ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் அசையவில்லை. ஹெட்லைட் போட்டால் 11.7. உள்ளே வீட்டு உபயோகத்துக்கு 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி தனியாக இருக்கிறது, அது 12.0 காட்டுகிறது. மாமியாருக்கு 74 வயது, அவருடைய இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, ஃப்ரிட்ஜ் இப்போது நின்று நின்று ஓடுகிறது.

இங்கிருந்து கொளத்தூர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். காலையில் ஓட்டிப் பார்க்கலாமா, இல்லை அந்த 14,000-ஐக் கொடுத்துவிடலாமா? நாளைக்கு மழை வேறு என்கிறார்கள்.

லூகாஸ் ஸ்டாப்பிங் | இரவு 9.31

மேடம், முதலில் பணம் கொடுக்காதீர்கள். நான் சென்னை பாடியில் செல்ஃப் மோட்டார், டைனமோ வேலை 22 வருஷமாகப் பார்க்கிறேன். நீங்கள் எழுதியதில் உள்ள முக்கியமான விஷயம் அந்த லைட் மினுக்கியதும் அப்புறம் அணைந்ததும்தான்.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ராத்திரி உங்களுக்கும் வேறு வேலை இல்லை. டைனமோ என்று நாம் சொல்கிற ஆல்டர்நேட்டருக்குள் சுற்றுகிற ரோட்டார் ஒரு மின்காந்தம். அதற்குள் கொஞ்சம் கரண்ட் போனால்தான் காந்தமாகும், காந்தமானால்தான் சார்ஜ் வரும். பழைய வண்டிகளில் அந்த முதல் கரண்ட் எங்கே இருந்து வருகிறது என்றால், சாவியைத் திருப்பியதும் உங்கள் சிவப்பு லைட் வழியாகத்தான் வருகிறது. லைட், அங்கிருந்து மெல்லிய வயர், கட்-அவுட் (வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர்), ரோட்டாரை உரசிக்கொண்டு கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ், ரோட்டார், எர்த். இந்த வரிசையில் எங்கே விட்டுப்போனாலும் லைட்டும் எரியாது, சார்ஜும் வராது. உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். லைட் அணைந்தது குணமாகி அணையவில்லை, பாதை முழுசாக அறுந்து அணைந்திருக்கிறது. பிரஷ் தேய்ந்து குட்டையானால் ஸ்பிரிங் அழுத்தம் போதாமல் விட்டுவிட்டுத் தொடும், அப்போது மங்கலாக மினுக்கும். அப்புறம் தொடாமலே போய்விடும். கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுகிற டயோட் ஒன்று போயிருந்தால் பொதுவாகக் கொஞ்சமாவது சார்ஜ் இருக்கும், இப்படி அடியோடு நிற்காது.

இப்போது மூன்று விஷயம் பாருங்கள். எஞ்சின் போடாமல் சாவியை மட்டும் திருப்புங்கள், அந்தச் சிவப்பு லைட் எரிகிறதா என்று சொல்லுங்கள். எரியவில்லை என்றால், சாவி அப்படியே இருக்கட்டும், டைனமோவின் பின்பக்கத்து நடுவில், பேரிங் உட்காருகிற இடத்தில், ஒரு ஸ்க்ரூ டிரைவர் நுனியைக் கொண்டுபோங்கள். ரோட்டாருக்குக் கரண்ட் போனால் காந்தம் மாதிரி லேசாக இழுக்கும், போகவில்லை என்றால் சும்மா இருக்கும். பக்கத்தில் தடித்த வயர் மாட்டியிருக்கிற போல்ட்டில் மட்டும் படக்கூடாது, அது நேராக பேட்டரி பிளஸ், பட்டால் வெல்டிங் வைத்த மாதிரி பொறி பறக்கும். மூன்றாவது, பின்னால் மெல்லிய வயர் ஒன்று இருக்கும், அதைக் கழற்றி அதன் முனையை எஞ்சின் பாடியில் தொட்டுப் பாருங்கள். சிவப்பு லைட் எரிந்தால் பல்பும் வயரும் நன்றாக இருக்கிறது, கோளாறு டைனமோவுக்குள்தான்.

இதெல்லாம் எஞ்சின் ஆஃபில் செய்ய வேண்டியது. பெல்ட் இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் 10 மில்லிமீட்டர் போல இறங்கலாம், அதற்கு மேல் தொய்வு இருந்தால் டைட் பண்ணணும்.

ரிட்டயர்டு டிரைவர் | இரவு 9.44

அம்மா, பயப்படாதீங்க. நான் 1990களில் 407 ஓட்டும்போது திருச்சியிலிருந்து கோயம்பேடு வரைக்கும் டைனமோ இல்லாமலே வந்திருக்கிறேன். அந்தக் காலத்து டீசல் ஒருதடவை கிளம்பிவிட்டால் கரண்டே கேட்காது. விடிந்த பிறகு கிளம்புங்கள், லைட் போடாதீங்க, ஏசி போடாதீங்க, வழியில் எங்கேயும் எஞ்சினை அணைக்காதீங்க, டோலில் கூட. காலையில் ஸ்டார்ட் பண்ணுகிறபோது எஞ்சினைச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக்கும் செல்ஃபும் சேர்ந்து சாப்பிடுகிறதுதான் பெரிய செலவு, அதற்கப்புறம் கையை விட்டுப் போகாது.

டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க சுலபமான வழி ஒன்று இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரி டெர்மினல் ஒன்றைக் கழற்றுங்கள். எஞ்சின் நின்றால் டைனமோ காலி.

முடிச்சூர் மழைத்தண்ணி | இரவு 9.50

டிரைவர் அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள், மற்றதெல்லாம் சரி, அந்தக் கடைசி வழியை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். ஆல்டர்நேட்டர் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரியைப் பிடுங்கினால் அந்தக் கரண்ட் போக இடம் இல்லாமல் வோல்ட் எகிறும், டயோடும் கட்-அவுட்டும் அங்கேயே போகும், ஈசியூ (எஞ்சின் கம்ப்யூட்டர்) இருக்கிற வண்டி என்றால் அதுவும் சேர்ந்து போகும். பழைய நிஜ டைனமோ காலத்துப் பழக்கம் அது. இன்னொன்று, நீங்களே சொன்னீர்கள் இந்த டீசலுக்குக் கரண்டே வேண்டாம் என்று. அப்படியானால் டைனமோ செத்திருந்தாலும் எஞ்சின் நிற்காதே, அப்புறம் இந்தச் சோதனையில் என்ன தெரியும்?

மேடம், உங்கள் வண்டி மழைத்தண்ணியில் எப்போதாவது நின்றதா? என் வேன் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் முடிச்சூரில் சீட் உயரத்துக்குத் தண்ணியில் நின்றது. எஞ்சினைச் சுத்தம் பண்ணினார்கள், டைனமோவை யாரும் தொடவில்லை. ஆறேழு மாசம் ஓடிவிட்டு, உள்ளே ஸ்லிப் ரிங் (பிரஷ் உரசுகிற வளையம்) அரித்துப்போய், அது பிரஷ்ஷை உப்புத்தாள் மாதிரி தேய்த்துத் தீர்த்துவிட்டது. அதனால் கேட்கிறேன்.

டிரைவர் அண்ணன் சொன்னதற்கு ஒரு சின்னத் திருத்தம். மெக்கானிக்கல் பம்ப்பானாலும் சாவியை அணைத்தால் எஞ்சின் நிற்கிற வண்டிகள் பலவற்றில் பம்ப்பில் ஒரு சொலினாய்டு (கரண்டில் திறக்கிற வால்வு) உண்டு, அதற்குக் கரண்ட் வந்துகொண்டே இருந்தால்தான் டீசல் போகும். பேட்டரி ரொம்ப இறங்கினால் அது விட்டுவிடும், வண்டி நின்றுவிடும். உங்களுடையதிலும் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு 11.5-க்குக் கீழே விடாதீர்கள்.

கொளத்தூர் கேரவன் | இரவு 10.20

எல்லாருக்கும் நன்றி. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நானே குனிந்து பார்த்தேன், வீட்டுக்காரர் சாவியைத் திருப்பினார். சிவப்பு லைட் எரியவில்லை. ஸ்க்ரூ டிரைவர் இழுக்கவில்லை, பக்கத்தில் வைத்தால் அப்படியே கிடக்கிறது. மெல்லிய வயரைக் கழற்றி எஞ்சின் பாடியில் தொட்டேன், உள்ளே இருந்து மாமியார் "எரியுது எரியுது" என்று கத்தினார்! பெல்ட் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆமாம், 2023 டிசம்பரில் எங்கள் தெருவிலும் தண்ணி. டயர் முழுகியது, சீட் வரை வரவில்லை.

மெக்கானிக் போய்விட்டார். மீட்டர் வைத்துக் காட்டுங்கள் என்று வீட்டுக்காரர் கேட்டதும் அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

லூகாஸ் ஸ்டாப்பிங் | இரவு 10.28

பிரஷ்தான். முக்கால்வாசி உறுதி.

சாவி போட்டபடியே, எஞ்சின் ஆஃபிலேயே, ஸ்பேனரின் பின்பக்கத்தால் அல்லது ஒரு மரக்கட்டையால் டைனமோவின் பின்மூடியில் நாலு தட்டு மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஹோல்டருக்குள் சிக்கிக்கொண்ட பிரஷ் சில நேரம் இறங்கி உட்காரும், உட்கார்ந்தால் சிவப்பு லைட் எரியும். அப்படி எரிந்தால் உடனே ஸ்டார்ட் பண்ணினால் கொஞ்ச தூரம் சார்ஜ் கூட ஏறும். நம்பி ஓட்டக்கூடாது, ஆனால் நோய் என்ன என்று நிச்சயமாகிவிடும்.

இன்னொரு விஷயம், வழியில் யார் சொன்னாலும் டைனமோவைக் கழற்றிவிட்டோ பெல்ட்டை எடுத்துவிட்டோ ஓட்டாதீர்கள். நம் ஊர் டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கொடுக்கிற பம்ப் டைனமோவின் முதுகில்தான் உட்கார்ந்திருக்கும். பின்னால் தடித்த ரப்பர் ஹோஸ் போகிறது என்றால் உங்களுடையதும் அந்த வகை. அது சுற்றாவிட்டால் பிரேக் கல்லு மாதிரி ஆகும். சார்ஜ் வராத டைனமோ சுற்றிக்கொண்டிருப்பதால் ஒரு நஷ்டமும் இல்லை.

ஈசிஆர் உப்புக்காத்து | இரவு 10.41

நானும் ஒரு பழைய வேனைக் கேரவனாக்கி வைத்திருப்பவன், அதனால் கரண்ட் கணக்கை நான் சொல்கிறேன். ஸ்டார்ட்டிங் பேட்டரி 80 ஆம்பியர்-ஹவர் என்று வைத்துக்கொள்வோம். சும்மா இருக்கும்போது 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம், அதில் நிம்மதியாக எடுக்கக்கூடியது 25 ஆம்பியர்-ஹவர் போல. ஹெட்லைட் இரண்டும் 10 ஆம்பியர், ஏசி புளோவர் 10-க்கு மேல், கம்ப்ரஸர் கிளட்ச் 3 அல்லது 4, வைப்பர் 4 அல்லது 5, உள்ளே ஃப்ரிட்ஜ் 5. எல்லாம் போட்டுக்கொண்டு வந்ததால்தான் இருபது நிமிஷத்தில் வண்டி மூச்சு வாங்கியது. பகலில் லைட் இல்லாமல், பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹாரன் மட்டும் என்றால் சராசரியாக 3 ஆம்பியர் போகும். மூன்று மணி நேரத்துக்கு 9 ஆம்பியர்-ஹவர். தாராளமாக வந்து சேரலாம், மழை வைப்பரைச் சேர்த்தாலும் கூட.

ஆனால் எனக்கு வேறு ஒரு சந்தேகம். இரண்டு பேட்டரியையும் எப்படி இணைத்திருக்கிறது? நடுவில் எஞ்சின் ஓடும்போது மட்டும் சேர்க்கிற ரிலே இருக்கிறதா, நேராக வயர் போட்டுவிட்டார்களா? வீட்டு பேட்டரி 12.0-க்கு இறங்கியிருக்கும்போது ஸ்டார்ட்டிங் பேட்டரியும் கூடவே இறங்குகிறது என்றால் இரண்டும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் உங்கள் ஃப்ரிட்ஜ் ஸ்டார்ட்டிங் பேட்டரியையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது: பங்க்காரரிடம் ராத்திரிக்கு ஒரு பிளக் கேளுங்கள், கரண்ட் காசு கொடுத்துவிடுங்கள். உங்கள் வண்டியில் இன்வெர்ட்டர் சார்ஜர் இருக்கும்தானே, அதை மாட்டினால் ஃப்ரிட்ஜும் ஓடும், வீட்டு பேட்டரியும் ஏறும். இரண்டும் உண்மையிலேயே இணைந்திருந்தால் ஸ்டார்ட்டிங் பேட்டரியும் கூட ஏறும், அந்தத் தப்பான வயரிங்கால் இன்றைக்கு ஒரு லாபம். இணைந்திருக்காவிட்டால் ஜம்பர் போடுங்கள், பிளஸ்ஸும் பிளஸ்ஸும் முதலில், மைனஸ் கடைசியில், அதையும் பேட்டரியில் போடாமல் எஞ்சின் பாடியில் தள்ளிப் போடுங்கள். வண்டி டீசல் அடிக்கிற மெஷின்களை விட்டு நல்ல தூரத்தில் நிற்கட்டும், பொறி வருகிற வேலை இது. டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது வாயு விடும், உள்ளே படுக்கிறீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இன்சுலினுக்கு, பிளக் கிடைக்காவிட்டால் ஒரு பிளாஸ்கில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, மருந்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள். ஐஸ் நேராகப் படக்கூடாது, உறைந்த இன்சுலின் அப்புறம் உதவாது.

கொளத்தூர் கேரவன் | இரவு 11.05

பிளக் கொடுத்துவிட்டார்கள், காசும் வேண்டாம் என்றுவிட்டார்கள். சார்ஜர் மாட்டியதும் முன்னால் இருக்கிற பேட்டரியிலும் வோல்ட் ஏறுகிறது. அப்படியானால் நீங்கள் சொன்னதுதான், இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. வயரிங் செய்தவர் ரிலே போட்டிருக்கிறேன் என்று அடித்துச் சொன்னாரே!

தட்டிப் பார்த்தோம். ஆறாவது தட்டில் சிவப்பு லைட் ஒரு நொடி எரிந்து அணைந்தது. இன்னும் தட்டினோம், வரவில்லை. போதும், தூங்கப் போகிறோம்.

ரிட்டயர்டு டிரைவர் | காலை 5.20

டெர்மினல் விஷயம் தெரிந்துகொண்டேன் தம்பி, இத்தனை வருஷம் எத்தனை டயோடை நானே கொன்றேனோ. அம்மா, கிளம்புவதற்கு முன்னால் ஃப்ரிட்ஜை அணைத்துவிடுங்கள். தாம்பரம், கிண்டி வழியாக ஊருக்குள் நுழையாதீங்க. பெருங்களத்தூரில் பைபாஸ் ஏறி மதுரவாயல் தாண்டி அம்பத்தூர் பக்கம் இறங்கினால் பாடி கிட்டத்தான். நெடுஞ்சாலையில் நின்றுபோனால் 1033-க்குப் போன் பண்ணுங்கள்.

கொளத்தூர் கேரவன் | மதியம் 1.40

வந்து சேர்ந்துவிட்டோம். விவரமாகச் சொல்கிறேன், கேட்டவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

காலை 6.15-க்குக் கிளம்பினோம். ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறியதால் முன் பேட்டரி 12.6 காட்டியது, செல்ஃப் ஒரே அடியில் எடுத்தது. மல்டிமீட்டர் வயரை நீட்டி சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி, மீட்டரை மாமியார் கையில் கொடுத்துவிட்டோம். அவர் முப்பது வருஷம் டீச்சராக இருந்தவர், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அட்டெண்டன்ஸ் எடுக்கிற குரலில் "12.4… 12.4… 12.3" என்று வாசித்துக்கொண்டே வந்தார். சிங்கப்பெருமாள் கோயிலில் மழை பிடித்துக்கொண்டது. வைப்பரும் பார்க்கிங் லைட்டும் போட்டதும் 12.1-க்கு வந்தது, வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. கூடுவாஞ்சேரியில் மழை விட்டதும் வைப்பரை அணைத்தோம், மறுபடி 12.2. பெருங்களத்தூரில் எப்போதும் போல அரை மணி நேரம் ஊர்ந்தோம், எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை. பாடியில் டைனமோ கடை வாசலில் நிறுத்தும்போது 12.1. அவ்வளவுதான், இதற்காகவா ராத்திரியெல்லாம் பயந்தோம் என்று ஆகிவிட்டது.

கடையில் டைனமோவைக் கழற்றிப் பின்மூடியைத் திறந்ததும் ஒரு பிரஷ்ஷை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்கள். புளியங்கொட்டை அளவு கூட இல்லை. பக்கத்தில் புதுசை வைத்தால் நாலு மடங்கு நீளம். ஹோல்டருக்குள் கருப்புப் பொடி எண்ணெயோடு சேர்ந்து மை மாதிரி அப்பிக்கொண்டிருந்தது, அதில்தான் சிக்கியிருக்கிறது. ஸ்லிப் ரிங் இரண்டிலும் நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற அளவுக்குப் பள்ளம், லேத்தில் லேசாகக் கடைந்து சமப்படுத்தினார்கள். டயோடைச் சீரியல் லைட் (சோதனை பல்பு) வைத்துப் பார்த்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது. முன் பேரிங் கையில் சுற்றினால் கரகரவென்றது, அதையும் மாற்றினார்கள், 6303. மொத்தம் 2,400 ரூபாய். மாட்டிய பிறகு எஞ்சின் ஓடும்போது 14.2, ஹெட்லைட்டும் புளோவரும் போட்டால் 13.8. சாவியைத் திருப்பினால் சிவப்பு லைட் பளிச்சென்று எரிகிறது, எஞ்சின் கிளம்பியதும் அணைகிறது. அந்த லைட்டை இவ்வளவு ஆசையாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

வயரிங் விஷயம் இன்னும் மோசம். ரிலே இருக்கிறது, ஆனால் உள்ளே காண்டாக்ட் உருகி ஒட்டிப்போய் எப்போதும் ஆன். ஃபியூஸ் எங்கேயும் இல்லை. டைனமோவிலிருந்து பின்னால் போகிற வயர் மெல்லியது, சூட்டில் மேல்தோல் பிஸ்கட் நிறத்துக்கு வந்திருந்தது. இந்த டைனமோ 45 ஆம்பியர்தான், காலியான 150 பேட்டரியைக் கட்டி இழுக்க வைத்தால் தினமும் முழு மூச்சில் வேலை செய்யும், பிரஷ்ஷும் பேரிங்கும் சீக்கிரம் போகும் என்றார் கடைக்காரர். அங்கே இன்னொருவர் லிதியம் பேட்டரி போட்டுவிடுங்கள், இந்தப் பிரச்சினையே வராது என்கிறார். போடலாமா?

ஈசிஆர் உப்புக்காத்து | மதியம் 2.15

இப்படியே போடாதீர்கள், வேண்டவே வேண்டாம். லெட் ஆசிட் பேட்டரி ஏற ஏறத் தானே கரண்ட் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளும். லிதியம் அப்படி இல்லை, கடைசி வரைக்கும் கொடுப்பதையெல்லாம் வாங்கும். பெருங்களத்தூர் மாதிரி இடத்தில் ஐடிலில் ஊர்ந்தால் டைனமோ ஃபேன் மெதுவாகச் சுற்றும், உள்ளே முழு லோடு, காயில் கருகிவிடும். லிதியம் போட்டே ஆக வேண்டும் என்றால் நடுவில் டிசி-டிசி சார்ஜர் (டைனமோ கரண்டை அளந்து கொடுக்கிற பெட்டி) ஒன்று போட்டு அது 20 ஆம்பியருக்கு மேல் இழுக்காத மாதிரி வைக்க வேண்டும். 45 ஆம்பியர் டைனமோவுக்கு அதற்கு மேல் ஆசைப்படக்கூடாது. இருக்கிற டியூபுலரோடு ஓட்டுவதானால் வோல்ட்டைப் பார்த்துச் சேருகிற ரிலே போதும், 13.3 வந்தால் சேரும், 12.8-க்கு இறங்கினால் பிரியும். தடித்த வயர், இரண்டு முனையிலும், பேட்டரியை ஒட்டியே, ஆளுக்கொரு ஃபியூஸ். ஒரு முனையில் மட்டும் போட்டால் போதாது, இரண்டு பக்கமும் பேட்டரி இருக்கிறதே.

முடிச்சூர் மழைத்தண்ணி | மதியம் 2.40

நடுவில் புகுந்து என் சந்தேகம். எனக்கும் இப்போது சாவி போட்டால் சிவப்பு லைட் கொஞ்சம் மங்கலாகத்தான் எரிகிற மாதிரி இருக்கிறது, சார்ஜ் 13.9 வருகிறது. இந்த இழையைப் படித்ததால் அப்படித் தெரிகிறதா, இல்லை நிஜமாகவே மங்கலா?

லூகாஸ் ஸ்டாப்பிங் | மதியம் 3.05

முடிச்சூர் தம்பி, 13.9 இருக்கிறவரை ஓட்டுங்கள். ஆனால் தண்ணியில் முழுகின வண்டி, ஒருநாள் கொண்டுவந்து பின்மூடியைத் திறந்து பார்த்துவிடலாம். பிரஷ் 5 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் காத்திருக்காதீர்கள்.

மேடம், அந்தப் புளியங்கொட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதே அளவில் புது பிரஷ் ஒரு செட் வாங்கி, பழையதோடு சேர்த்து ஒரு பிலிம் டப்பாவில் போட்டு டூல்ஸ் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். ஜி.பி. ரோடில் கிடைக்கும், புதுப்பேட்டையிலும் கிடைக்கும். கவுண்டரில் வண்டி மாடல் சொன்னால் நாலு விதமாக எடுத்துப் போடுவார்கள். பழசைக் காட்டினால் அகலமும் கனமும் வைத்துப் பார்த்துச் சரியானதைக் கொடுத்துவிடுவார்கள்.